சிக்னல் முழுசாக இருந்தும் வை-ஃபை ஏன் திணறுகிறது?

நீங்கள் கேட்டது இது: மூன்று தளம் கொண்ட அலுவலகம், தளத்துக்கு 60 பேர். முதலில் 8 அக்சஸ் பாயிண்ட் (வை-ஃபை அலையைப் பரப்பும் பெட்டி, சுருக்கமாக ஏபி) இருந்தன. புகார் வர வர ஒவ்வொன்றாகக் கூட்டி இப்போது 14 ஆகிவிட்டன. கட்டடத்தின் எந்த மூலையில் நின்றாலும் சிக்னல் முழுசாகக் காட்டுகிறது, ஆனால் வீடியோ அழைப்புகள் முன்பைவிட அதிகமாக அறுபடுகின்றன. வை-ஃபையை எப்படித் திட்டமிடுவது, எப்படிக் கண்காணிப்பது, எப்படிச் சீர்செய்வது, வை-ஃபை 7-க்கு மாறினால் எல்லாம் தீர்ந்துவிடுமா?

உங்களிடம் குறைவாக இருப்பது சிக்னல் இல்லை, காற்றில் பேசக் கிடைக்கும் நேரம். ஏபிகளைக் கூட்டியபோது சிக்னல் கூடியது, பேசும் நேரம் குறைந்தது. இந்த ஒன்று மனதில் பதிந்துவிட்டால் கீழே நான் சொல்லப்போகும் அமைப்புகள் எல்லாம் ஏன் என்று தானாகவே விளங்கும்.

கேபிளில் ஒவ்வொரு கணினிக்கும் சுவிட்ச் வரை தனி வழி உண்டு. காற்றில் அது கிடையாது. ஒரு சேனலில், அதாவது அலைவரிசையின் ஒரு துண்டில், ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். ஏபி பேசினால் கருவிகள் எல்லாம் காத்திருக்கும், ஒரு கருவி பேசினால் ஏபியும் சேர்ந்து காத்திருக்கும். பேச நினைக்கும் கருவி முதலில் காதுகொடுத்துக் கேட்கிறது. சத்தம் இல்லையென்றால், குலுக்கல் முறையில் ஓர் எண்ணை எடுத்து, 9 மைக்ரோ நொடி கொண்ட துண்டுகளாக எண்ணிக் காத்திருந்து, அதன் பிறகே அனுப்புகிறது. தான் பேசும்போது அடுத்தவர் பேசுவது அதற்குக் கேட்காது. அதனால் எதிர்ப்பக்கத்திலிருந்து 'கிடைத்தது' என்ற ஒப்புகை வரவில்லை என்றால் மோதல் நடந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு, காத்திருப்பு எல்லையை இரட்டிப்பாக்கி மறுபடியும் அனுப்புகிறது. கூட்டம் கூடக் கூட வேலையைவிடக் காத்திருப்பு பெருகும்.

இங்கே பலரும் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. இன்னொரு வை-ஃபை கருவியின் பேச்சு -82 டிபிஎம் (சிக்னல் பலத்தின் அலகு, பூஜ்யத்துக்குக் கீழே போகப் போக மெல்லியது) அளவில் காதில் விழுந்தாலே வாய் மூடிக் காத்திருக்க வேண்டும் என்று தரநிலை சொல்கிறது. பெரும்பாலான சிப்புகள் அதைவிட மெல்லிய ஒலிக்கும் அடங்கிப்போகின்றன. -82 என்பது போனில் ஒரு கோடு காட்டுவதே சந்தேகமான அளவு. அதாவது, இரண்டு தளம் தள்ளியிருக்கும் ஏபியை உங்களால் பயன்படுத்த முடியாது, ஆனால் அதால் உங்கள் வாயைக் கட்டிப்போட முடியும். ஒரே சேனலில் ஒன்றையொன்று கேட்கும் நான்கு ஏபிகள் இருந்தால் உங்களிடம் நான்கு ஏபி இருப்பதாக நினைக்காதீர்கள். ஒரு ஏபியின் நேரத்தை நான்காகப் பங்கிட்டிருக்கிறீர்கள், அவ்வளவே.

இதைக் கணக்காகப் போட்டுப் பார்த்தால் தெளிவாகும். ஒவ்வொரு ஏபியும் 'நான் இங்கே இருக்கிறேன்' என்று 102.4 மில்லி நொடிக்கு ஒரு முறை பீக்கன் அனுப்புகிறது. இது நெட்வொர்க் பெயர் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி. ஊழியர், விருந்தினர், பிரிண்டர், பழைய நெட்வொர்க் என்று நான்கு பெயர் வைத்திருந்தால் நான்கு பீக்கன். ஒரு பீக்கன் சுமார் 300 பைட் என்று வைத்துக்கொள்வோம். வை-ஃபையின் பழைய அலைவரிசையான 2.4 கிகாஹெர்ட்ஸில் பெரும்பாலான கருவிகள் பெட்டியிலிருந்து வரும்போதே அதை 1 மெகாபிட் வேகத்தில் அனுப்பும்படிதான் வருகின்றன. 300 பைட் என்றால் 2,400 பிட். 1 மெகாபிட் வேகத்தில் 2.4 மில்லி நொடி, ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் போகும் முன்னொட்டையும் சேர்த்தால் 2.6. உங்கள் 14 ஏபிகள் 1, 6, 11 என்ற மூன்று சேனல்களில் பிரிந்தால் சேனலுக்கு ஐந்து வரும். ஐந்தும் ஒன்றையொன்று கேட்டால் 20 பீக்கன், மொத்தம் 52 மில்லி நொடி. 102 மில்லி நொடியில் 52 போய்விட்டது. யாரும் ஒரு பக்கத்தைக்கூடத் திறக்கவில்லை, அதற்குள் பாதிக் காற்று காலி. தளங்களுக்கு நடுவே கான்கிரீட் இருப்பதால் ஐந்தும் கேட்காமல் இருக்கலாம். மூன்று கேட்டாலே மூன்றில் ஒரு பங்கு நேரம் வீண்தான்.

இதே பீக்கனை 12 மெகாபிட்டில் அனுப்பச் சொன்னால் ஒன்றுக்கு 0.22 மில்லி நொடி போதும். 20 பீக்கனுக்கும் சேர்த்து 4.4. ஆகவே நான் எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் செய்யும் இரண்டு வேலைகள்: நெட்வொர்க் பெயர்களை மூன்றுக்குள் அடக்குவது, 1, 2, 5.5, 11 மெகாபிட் வேகங்களை அணைத்துவிட்டுக் குறைந்தபட்சத்தை 12-ல் வைப்பது. பைசா செலவில்லை. அதற்கு முன் ஒன்றைச் சரிபாருங்கள். பழைய பார்கோடு ஸ்கேனரோ பிரிண்டரோ 802.11பி என்ற மிகப் பழைய வை-ஃபை முறை மட்டும் தெரிந்ததாக இருந்தால் அது இணைப்பை இழக்கும். அப்படி ஒன்றிரண்டு இருந்தால் கேபிள் போட்டுக்கொடுங்கள், அல்லது மாற்றுங்கள். அந்த ஒன்றுக்காக 180 பேர் தண்டம் கட்டக்கூடாது.

2.4 கிகாவைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். சேனல் எண்கள் 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் இருக்கின்றன, ஆனால் ஒரு சேனல் 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் எடுத்துக்கொள்கிறது. அதனால் ஒன்றையொன்று மிதிக்காதவை மூன்றே மூன்று: 1, 6, 11. '1-லும் 6-லும் கூட்டம், நடுவில் 3 காலியாக இருக்கிறது' என்று 3-ஐப் போடுபவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அது இரண்டு வரிசைக்கும் நடுவில் நின்று கத்துவது போன்றது. ஒரே சேனலில் இருப்பவர்கள் ஒருவர் பேசுவதை ஒருவர் புரிந்துகொண்டு முறைவைத்தாவது பேசுவார்கள். பாதி மேலேறி நிற்கும் சேனலின் பேச்சு புரியாத இரைச்சலாகத்தான் கேட்கும், மோதல்தான் மிஞ்சும். உங்கள் கட்டடத்தில் 14 ஏபிகளில் பாதிக்கு மேல் 2.4 ரேடியோவை அணைத்துவிடுங்கள். தளத்துக்கு இரண்டு விழித்திருந்தால் பழைய கருவிகளுக்குப் போதும்.

இதனால் 14 என்ற எண்ணே தவறு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சேனல்கள் அதிகமுள்ள அடுத்த அலைவரிசையான 5 கிகாவில் அத்தனையும் தேவைப்படலாம். திட்டமிடல் என்பது இந்தக் கணக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும். இரண்டு ஆன்டெனா கொண்ட சாதாரண மடிக்கணினி, 20 மெகாஹெர்ட்ஸ் சேனலில், 802.11என் முறையில், நல்ல சிக்னலில் 144 மெகாபிட் என்று காட்டும். காத்திருப்பு, ஒப்புகை எல்லாம் போக உண்மையில் கைக்கு வருவது அதில் பாதி அளவு. அதை 60 என்று தாழ்த்தியே வைத்துக்கொள்வோம். ஒரு வீடியோ அழைப்புக்குப் போகவும் வரவும் சேர்த்து 4 மெகாபிட். ஒரு தளத்தில் 60 பேரும் ஒரே நேரத்தில் அழைப்பில் இருக்கும் மிக மோசமான நிலையில் 240 மெகாபிட் வேண்டும். அதாவது, ஒன்றையொன்று கேட்காத சேனல்களில் நான்கு ரேடியோ. மூன்று தளத்துக்கும் சேர்த்துப் பன்னிரண்டு. நீங்கள் வாங்கிய எண்ணிக்கை ஏறக்குறைய சரியே. அவை எங்கே மாட்டப்பட்டிருக்கின்றன, என்ன அமைப்பில் ஓடுகின்றன என்பதில்தான் கோளாறு.

மாட்டிய இடத்தைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. ஆனால் கேபிள் இழுப்பது சுலபம் என்பதற்காக வராண்டா நெடுகிலும் வரிசையாக மாட்டியிருப்பார்கள் என்று ஊகிக்கிறேன். நான் பார்த்த இடங்களில் பாதி அப்படித்தான். வராண்டாவில் சுவர் இல்லை, அதனால் ஏபிகள் ஒன்றையொன்று முழுத் தெளிவாகக் கேட்கின்றன. ஆட்கள் இருப்பதோ அறைகளுக்குள், சுவருக்கு அந்தப் பக்கம். சுவர் எங்கே வேண்டாமோ அங்கே இருக்கிறது, எங்கே வேண்டுமோ அங்கே இல்லை. ஏபியை அறைக்குள் நகர்த்தினால் சுவர் உங்கள் பக்கம் வேலை செய்யத் தொடங்கும்: உள்ளே இருப்பவர்களுக்கு நேர்ப்பார்வை, பக்கத்து ஏபிக்குத் திரை. மேல் தளத்து ஏபிக்கு நேர்க்கீழே அடுத்ததை மாட்டாமல் கொஞ்சம் தள்ளி மாட்டுங்கள். கூரையில் மாட்டச் செய்த ஏபியைச் சுவரில் செங்குத்தாக ஒட்டிவிட்டால் அதன் அலை அகலவாட்டில் பரவாமல் மேல் தளத்துக்கும் கீழ்த் தளத்துக்கும் போய்ச் சேரும். அதையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

அளவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மேலே போக முடியாது. டிபிஎம் கணக்கில் 3 குறைந்தால் ஆற்றல் பாதி, 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்கு. திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபெல் போகும். ஜிப்சம் தடுப்பு சுமார் 3 டெசிபெல் தின்னும், செங்கல் சுவர் 8 போல, கான்கிரீட் 12-க்கு மேல். வெப்பத்தைத் தடுக்க உலோகப் பூச்சு பூசிய கண்ணாடி கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும், வை-ஃபைக்குச் செங்கல்லைவிட மோசமான தடை. லிஃப்ட் கூண்டைத் தாண்டி எதுவும் போகாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். குரலும் வீடியோவும் ஓட வேண்டிய எல்லா இடத்திலும் -67 டிபிஎம் அல்லது அதைவிட நல்ல சிக்னல், இரைச்சலைவிட 25 டெசிபெல் உயரத்தில் இருக்க வேண்டும் என்பது இந்தத் துறையில் எல்லோரும் ஏற்றுக்கொண்ட இலக்கு. அதோடு இரண்டாவது ஏபி ஒன்றும் -70 அளவில் கேட்க வேண்டும், நடந்துபோகிறவர் அடுத்ததற்குத் தாவ வேண்டுமல்லவா!

வரைபடத்தில் சுவர்களைப் போட்டு வண்ணம் தீட்டிக் காட்டும் மென்பொருள்கள் உண்டு, அவை நல்லவையே. ஆனால் சுவரின் உண்மையான குணத்தை நீங்கள் அளந்து கொடுத்தால்தான் அவை உண்மை பேசும். அளக்கும் முறை எளிது. உயரமான ஸ்டாண்ட் ஒன்றில் ஒரே ஒரு ஏபியைக் கட்டி, பேட்டரியில் ஓடவிட்டு, மாட்டப்போகும் உயரத்துக்கே தூக்கி நிறுத்துங்கள். சுவருக்கு இந்தப் பக்கம் ஏபியிலிருந்து ஐந்து மீட்டரில் நின்று அளவை எழுதுங்கள். அந்தப் பக்கம் போய்ச் சுவரை ஒட்டி நின்று மறுபடி எழுதுங்கள். வித்தியாசம்தான் அந்தச் சுவரின் விலை. கட்டடத்தில் எத்தனை வகைச் சுவர் இருக்கிறதோ அத்தனைக்கும் ஒரு முறை செய்தால் போதும். இதற்கு அரைநாள் ஆகும். இந்த அரைநாளை மிச்சப்படுத்தியவர்கள் பிறகு வாரக்கணக்கில் ஏணி ஏறியதைப் பார்த்திருக்கிறேன். அளக்கும்போது விலை உயர்ந்த மடிக்கணினியை நம்பாதீர்கள். உங்கள் ஊழியர்கள் கையில் இருப்பவற்றிலேயே சுமாரான போன் எதுவோ அதற்குக் கிடைப்பதுதான் உங்கள் நெட்வொர்க்கின் தரம்.

அடுத்தது ஏபியின் ஒலி அளவு. பவரைக் கூட்டினால் நல்லது என்பது மிகப் பரவலான தவறான நம்பிக்கை. ஏபி 23 டிபிஎம்மில் பேசுகிறது, போன் 14-ல் பதில் சொல்கிறது என்று வையுங்கள். ஏபி பேசுவது போனுக்குக் கேட்கும், கோடு முழுசாகத் தெரியும். போன் சொல்வது ஏபிக்குத் தேய்ந்தே போய்ச் சேரும். அழைப்பில் 'நீங்கள் பேசுவது கேட்கிறது, நான் பேசுவது கேட்கிறதா?' என்று ஒருவர் தவிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். 5 கிகாவில் 12 முதல் 15 டிபிஎம் வரை வைத்துப் பாருங்கள். 2.4 கிகா அதே தூரத்தில் சுமார் 7 டெசிபெல் பலமாகக் கேட்கும், ஆகவே அதை 6 டெசிபெல் கீழே வையுங்கள். இல்லையென்றால் கருவிகள் எல்லாம் நெரிசலான 2.4-க்கே ஓடும்.

ஒலியைக் குறைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எந்த ஏபியில் இருப்பது, எப்போது மாறுவது என்பதை முடிவு செய்வது ஏபி அல்ல, கையில் இருக்கும் கருவி. ஐபோன் -70-க்குக் கீழே போன பிறகுதான் வேறு ஏபியைத் தேடத் தொடங்கும், மேக் கணினி -75 வரை தேடாது. இது ஆப்பிளே வெளியிட்டிருக்கும் அளவு. வராண்டாவின் ஒரு கோடியிலிருக்கும் ஏபி உரக்கக் கத்தினால், மறு கோடிக்கு நடந்துபோனவரின் போனுக்கு அது -68-ஆகவே தெரியும். தலைக்கு மேலே வேறொரு ஏபி இருந்தும், பழையதை உடும்புப்பிடியாகப் பிடித்துக்கொண்டு மெதுவான வேகத்தில் பேசும். மெதுவாகப் பேசுபவர் தன் நேரத்தை மட்டும் வீணாக்கவில்லை, அதே செய்தியைச் சொல்லப் பத்து மடங்கு நேரம் எடுத்து அந்தச் சேனலில் இருக்கும் எல்லோரையும் காக்க வைக்கிறார். 802.11கே, 802.11வி இரண்டையும் இயக்கிவையுங்கள், பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று கருவிக்கு அவை சொல்லிக்கொடுக்கும். 802.11ஆர் தாவலை வேகமாக்கும், ஆனால் சில பழைய கருவிகள் அதைப் பார்த்து இணையவே மறுக்கும். ஒரு தளத்தில் சோதித்த பிறகே அதை மற்ற தளங்களுக்குக் கொண்டுபோங்கள்.

5 கிகாவில் சேனல் அகலத்தைப் பாருங்கள். 80 மெகாஹெர்ட்ஸில் இருந்தால், வேகச் சோதனையில் ஒருவர் தனியாக நின்று பார்க்கும்போது பெரிய எண் வரும். ஆனால் நான்கு சேனலை ஒன்றாகக் கட்டிவிட்டதால் பங்கிட மிஞ்சுவது ஐந்தாறுதான், பக்கத்து ஏபியோடு மோதும். தவிர, அகலம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் உள்ளே வரும் இரைச்சலும் 3 டெசிபெல் ஏறும். தளத்துக்கு 60 பேர் என்றால் 20-ல் வையுங்கள், மிக வசதியான இடம் என்றால் 40. சில 5 கிகா சேனல்கள் ரேடாரோடு பங்கிட்டுக்கொள்ளப்படுபவை. ரேடார் போல ஏதாவது கேட்டால் ஏபி உடனே இடத்தைக் காலி செய்ய வேண்டும், புதிய ரேடார் சேனலில் குறைந்தது ஒரு நிமிடம் கேட்டுவிட்டே வாய் திறக்க வேண்டும். அழைப்பு திடீரென்று மொத்தமாக அறுந்து சில நொடிகளில் திரும்ப வருகிறது என்றால், ஏபியின் பதிவில் ரேடார் என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். அடிக்கடி வந்தால் அந்தச் சேனலை மட்டும் விலக்குங்கள். பயந்துபோய் அந்த வகைச் சேனல் எல்லாவற்றையும் விலக்கினால் இருக்கும் இடத்தில் பாதிக்கு மேல் போய்விடும்.

இனிக் கண்காணிப்பு. ஏபிகளை எல்லாம் நிர்வகிக்கும் கண்ட்ரோலரின் திரையில் பச்சை விளக்கு எரிவதைப் பார்ப்பது கண்காணிப்பு ஆகாது. ஏபி உயிரோடு இருக்கிறது என்பதை மட்டும் அது சொல்லும். நான் தினமும் பார்ப்பது முதலில் சேனல் எவ்வளவு நேரம் பிடிபட்டிருக்கிறது என்பது. பல ஏபிகள் அதைப் பீக்கனிலேயே 0 முதல் 255 வரையிலான எண்ணாக அறிவிக்கின்றன, சுற்றியுள்ள நெட்வொர்க்குகளை வருடிக் காட்டும் சாதாரண செயலியிலேயே பார்க்கலாம். பாதி நேரம் பிடிபட்டிருந்தால் குரல் அழைப்பு தடுமாறத் தொடங்கும் என்பது என் அனுபவம். அடுத்தது மறு அனுப்பல் விகிதம். பத்து சதவீதத்தைத் தாண்டிவிட்டால் காரணம் தேடுவேன். பிறகு கருவிகள் எந்த வேகத்தில் பேசுகின்றன என்ற பட்டியல். கடைசியாக, இணையும்போது ஐபி முகவரி கிடைக்கவும் இணையதளப் பெயர் அதன் ஐபி முகவரியாக மாறவும் எவ்வளவு நேரமாகிறது என்பது.

இவை ஏபி பார்க்கும் உலகம். பயனரின் மேசையிலிருந்து பார்த்தால் வேறு உலகம் தெரியும். அதற்கு ராஸ்பெர்ரி பை போன்ற ஒரு சிறு கணினியைத் தளத்துக்கு ஒன்றாக மேசை உயரத்தில் வையுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அது வை-ஃபையில் புதிதாக இணைந்து, முகவரி வாங்கி, உள் கேட்வேக்கும் (அலுவலக நெட்வொர்க்கிலிருந்து இணையத்துக்குப் போகும் வாசல்) வெளியே ஒரு முகவரிக்கும் பிங் (பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் சிறு செய்தி) அனுப்பி, நேரத்தைக் குறித்துவைக்கட்டும். கேட்வேக்கான பிங்கே தள்ளாடினால் குற்றவாளி வை-ஃபை. அது 3 மில்லி நொடியில் உறுதியாக இருக்க வெளியே போகும் பிங் மட்டும் தள்ளாடினால், வை-ஃபையைத் தொடாதீர்கள், இணைய இணைப்பைப் பாருங்கள். இந்த ஒரு பிரிப்பு தெரியாமல்தான் பெரும்பாலான சண்டைகள் நடக்கின்றன. பயனர் புகார் சொன்னவுடன் அவருடைய கணினியிலேயே பார்க்கவும் வழி உண்டு. மேக்கில் ஆப்ஷன் விசையை அழுத்திக்கொண்டு வை-ஃபை குறியைச் சொடுக்கினால் சிக்னல், இரைச்சல், சேனல், வேகம் எல்லாம் தெரியும். விண்டோஸில் கட்டளை எழுதி இயக்கும் நெட்ஷ் கருவியிடம் கேட்டால் கடந்த மூன்று நாளில் இணைப்பு எப்போது எதற்காக அறுந்தது என்று அறிக்கை கொடுக்கும்.

எதையும் மாற்றுவதற்கு முன் ஒரு வாரம் இந்த எண்களைச் சேர்த்துவைத்துக்கொள்ளுங்கள். நேரத்தோடு பார்க்கும்போது அவை கதை சொல்லும். ஓர் இடத்தில் தினமும் மதியம் ஒரு மணிக்கு மட்டும் 2.4 கிகாவில் மறு அனுப்பல் ஏறியது. நேரத்தைப் பார்த்ததுமே உணவறைக்குப் போனேன், மைக்ரோவேவ் அடுப்பு. அது 2.45 கிகாஹெர்ட்ஸில் வேலை செய்கிறது, சாதாரண மாதிரிகள் மின்சாரத்தின் ஒவ்வொரு சுழற்சியிலும் பாதி நேரம் கத்தி, பாதி நேரம் அடங்கும். அலைமாலையைக் காட்டும் கருவியில் அந்த ஏற்ற இறக்கம் சீப்பின் பற்கள் மாதிரி வரிசையாகத் தெரிந்தது. அடுப்பை யாரும் தூக்கி எறிய வேண்டியிருக்கவில்லை, பக்கத்து மேசைகளை 5 கிகாவுக்கு மாற்றியதும் புகார் நின்றது.

காற்றை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தால் எப்படி ஏமாறுவோம் என்பதற்கும் ஒன்று சொல்கிறேன். ஒரு நூலகத்தின் படிப்பு அறையில் வை-ஃபை மந்தம். இரண்டு வாரம் சேனலை மாற்றினேன், பவரை மாற்றினேன், ஏபியையே மாற்றினேன். எண்கள் எல்லாம் அழகாக இருந்தன, வேகம் மட்டும் 90-ஐத் தாண்டவில்லை. கடைசியில் சுவிட்ச் பக்கம் திரும்பியபோது அந்த போர்ட் 100 மெகாபிட்டில் இணைந்திருந்தது. கிகாபிட்டுக்கு நான்கு ஜோடிக் கம்பியும் வேண்டும், 100-க்கு இரண்டு போதும். கூரைக்கு மேலே எங்கோ ஒரு ஜோடி அறுந்திருக்கிறது, இணைப்பு சத்தமில்லாமல் கீழிறங்கிவிட்டது. புதிய பிளக் அடித்ததும் பத்து நிமிடத்தில் சரியானது. அன்றிலிருந்து ஏபியைப் பார்ப்பதற்கு முன் சுவிட்ச் போர்ட்டின் வேகத்தையும், பிழை எண்ணிக்கையையும், ஏபிக்குப் போகும் மின்சாரத்தையும் பார்த்துவிடுகிறேன். 30 வாட் கேட்கும் ஏபியை 15.4 வாட் கொடுக்கும் பழைய சுவிட்சில் மாட்டினால் பல மாதிரிகள் அணைந்துபோகாது. சில ரேடியோக்களை மட்டும் நிறுத்திவிட்டு அமைதியாக ஓடும்.

முகவரித் தட்டுப்பாடும் இதே குடும்பம். இணையும் கருவிகளுக்கு ஐபி முகவரி வழங்கும் வழக்கமான டிஎச்சிபி தொகுப்பில் 254 முகவரிதான். 180 பேருக்கு ஆளுக்கு ஒரு போன், ஒரு மடிக்கணினி என்றாலே 360. போதாததற்கு, 2019-ன் ஆண்ட்ராய்டு 10-லிருந்தும் 2020-ன் ஐஓஎஸ் 14-லிருந்தும் போன்கள் தங்கள் உண்மையான மேக் முகவரியை (கருவியின் நிலையான அடையாள எண்) மறைத்து வேறொன்றைக் காட்டுகின்றன. விருந்தினர் போனிலிருந்து நெட்வொர்க்கை அழித்துவிட்டு மறுபடி இணைந்தால் உங்கள் சர்வருக்கு அது புது ஆளாகத் தெரியக்கூடும். தொகுப்பைப் பெரிதாக்குங்கள், விருந்தினருக்கு முகவரியைக் கொடுத்துவைக்கும் குத்தகைக் காலத்தைச் சில மணி நேரமாகச் சுருக்குங்கள். 'வை-ஃபை இணைகிறது, ஆனால் இன்டர்நெட் வரவில்லை' என்ற புகாரில் ஒரு பங்கு இதோடு போய்விடும்.

உங்கள் கட்டடத்தில் நான் எப்படிப் போவேன் என்றால், நடுத் தளத்தை மட்டும் எடுத்துக்கொள்வேன். முதல் வாரம் அளவு மட்டும். இரண்டாம் வாரம் நெட்வொர்க் பெயர்களையும் குறைந்த வேகங்களையும் குறைப்பேன். மூன்றாம் வாரம் 2.4 ரேடியோக்கள். அடுத்து 5 கிகாவின் அகலமும் சேனலும், அதற்கு அடுத்து பவர். ஒரே இரவில் எல்லாவற்றையும் மாற்றினால் எது பலன் தந்தது, எது கெடுத்தது என்று எவராலும் சொல்ல முடியாது. ஒவ்வொரு மாற்றத்தையும் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். ஃபர்ம்வேர் புதுப்பிப்பையும் அதே நோட்டில் ஒரு மாற்றமாகவே குறியுங்கள். தானாகச் சேனலையும் பவரையும் மாற்றும் வசதி இருந்தால் அணைக்க வேண்டியதில்லை. ஆனால் பவருக்கு மேல் எல்லையும் கீழ் எல்லையும் போட்டு, சேனல் மாற்றத்தை வேலை நேரத்துக்கு வெளியே வையுங்கள். நீங்கள் புதிதாகச் சேர்த்த ஆறு ஏபிகளில் வராண்டாவில் இருப்பவற்றை அறைக்குள் நகர்த்துவது கடைசி வேலை. அதற்குள் எவை உண்மையில் தேவை என்பது எண்களிலிருந்தே தெரிந்துவிடும்.

இனி வை-ஃபை 7. அதன் பெரிய 320 மெகாஹெர்ட்ஸ் சேனல் 6 கிகாவில் மட்டுமே உண்டு, நெரிசலான அலுவலகத்தில் அதை நீங்கள் பயன்படுத்தப்போவதும் இல்லை. உங்களுக்கு உண்மையில் உதவக்கூடியது அந்த 6 கிகா வெளிதான். முழுசாகத் திறந்துவிட்ட நாடுகளில் 1,200 மெகாஹெர்ட்ஸ், ஐரோப்பாவில் 480. அங்கே டபிள்யூபிஏ3 என்ற புதிய பாதுகாப்பு முறை கட்டாயம், 1 மெகாபிட்டில் இழுத்துப் பேசும் பழைய கருவி எதுவும் உள்ளே வர முடியாது, காற்று சுத்தமாக இருக்கும். ஆனால் அதில் நுழைய ஏபி மட்டும் புதிதாக இருந்தால் போதாது, கையில் இருக்கும் கருவிக்கும் 6 கிகா தெரிய வேண்டும். கண்ட்ரோலரில் இணையும் கருவிகளின் திறன் பட்டியல் இருக்கும், அதை எடுத்து எண்ணிப் பாருங்கள். பாதிக்கு மேல் 6 கிகா தெரிந்தவை என்றால் வாங்குங்கள், கூடவே சுவிட்ச் அதற்குத் தேவையான வாட் கொடுக்குமா என்று பார்த்துவிட்டு. பத்தில் ஒன்றிரண்டுதான் என்றால், இந்த ஆண்டின் பணத்தைப் புதிய கேபிளுக்கும் ஏபிகளை அறைக்குள் நகர்த்தும் கூலிக்கும் ஒதுக்குங்கள். நாளை வை-ஃபை 7 வரும்போது மாட்டப்போவதும் அதே கேபிளில், அதே இடத்தில்தான்.